வளராதே என்றார்கள்

போன வாரம் ஒரு தொலைக்காட்சிக்காரப் பையன் மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பழைய படங்களில் நடித்த குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுக்கிறானாம். கூடத்து விளக்குகளையெல்லாம் போட்டான். அது போதாதென்று கையோடு கொண்டுவந்த விளக்கையும் என் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டான்: "சினிமாவால உங்க குழந்தைப் பருவமே தொலைஞ்சுபோச்சுன்னு ஃபீல் பண்றீங்களா, மேடம்?"

"இல்லையேப்பா," என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறான். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவன் போன பிறகும் அந்த வெளிச்சம் கண்ணிலேயே நின்றது. முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தால் எனக்கு எங்கிருந்தோ மண்ணெண்ணெய் வாசனை வந்துவிடும். ஏன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அழச் சொல்ல மாட்டீர்கள்.

அடையாறில் அப்போது ஒரு ஸ்டூடியோ இருந்தது. தென்னந்தோப்புக்கு நடுவில் பெரிய பெரிய தகரக் கொட்டகைகள். அரண்மனை விருந்துக் காட்சி என்றால் தட்டு நிறைய லட்டும் பழமும் அடுக்குவார்கள். காட்சி முடிவதற்குள் யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதே என்று அதன் மேல் மண்ணெண்ணெய் தெளித்துவிடுவார்கள். இளவரசனாக நடித்த நான் அந்த நாற்றத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டவனைப் போல ஏப்பம் விட வேண்டும். ஆமாம், நான் நடித்ததெல்லாம் பையன் வேஷம்தான். பையன்களுக்குச் சொன்னவுடன் அழ வராது, பெண் குழந்தைகளுக்குத்தான் வரும் என்று எங்கள் டைரக்டருக்கு ஒரு நம்பிக்கை.

என் அப்பா அந்த ஸ்டூடியோவில் தச்சர். அரண்மனை, குடிசை, சொர்க்கம் எல்லாம் அவர் கையால் எழும்பும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனபோது டைரக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "உன் பேரென்னடிம்மா?" என்று கேட்டார்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால்தான் சினிமாவில் எனக்கு இடம் கிடைத்தது. அதே வார்த்தையை மறக்கடிக்க ஒரு வாத்தியாரையும் வைத்தார்கள். 'கீது' என்றால் ஒரு குட்டு. 'வந்துகினு' என்றால் அதைவிடப் பலமாக ஒரு குட்டு. கொஞ்ச நாளில் எனக்கு ராஜபாஷை நன்றாகவே வந்துவிட்டது. வீட்டில் ஞாபகப் பிசகாக "அன்னையே, பசிக்கிறது" என்று சொல்லி, அம்மாவிடமும் ஒரு குட்டு வாங்கினேன். முதலில் சில்லறை வேஷங்கள்: தொலைந்துபோகிற குழந்தை, செத்துப்போகிற குழந்தை, கோயில் வாசலில் பாடிக்கொண்டு நிற்கிற குழந்தை. பிறகுதான் அந்த இளவரசன். அப்பன் ராஜா செத்ததும் மாமன் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொள்கிறான், பிள்ளை அதைத் திரும்பக் கேட்கிறான். கதை அவ்வளவுதான்.

பாதிப் படம் எடுத்திருப்பார்கள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஸ்டூடியோவைப் பூட்டினார்கள். நாங்கள் செங்கல்பட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனோம். அங்கே எனக்கு ஒரே வேலை, சாப்பிடுவது. கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்று தின்று, மறுபடி படப்பிடிப்பு என்று ஆள் வந்தபோது என் பழைய ஜரிகை வேட்டி முழங்காலோடு நின்றுவிட்டது.

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டிம்மா, உங்காத்துல நோக்கு சாதம் போட்டாளா, உரம் போட்டாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயமாக இல்லை. இளவரசன் ஒரு கதவுக்குள் நுழைவதை முன்பே எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வெளியே வருவதை இனிமேல்தான் எடுக்க வேண்டும். உள்ளே போனவன் ஒரு சாண் வளர்ந்து வெளியே வந்தால் யார் நம்புவார்கள்? வேறு குழந்தையைப் போடலாம் என்றால் பழையதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். யுத்தகாலம், பிலிம் அளந்துதான் கிடைத்தது.

கம்பெனி மானேஜர் நைனாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். "படம் முடியற வரைக்கும் கொழந்த வளரக் கூடாது. பாலு, தயிரு, முட்டை எதுவும் வேணாம். கஞ்சி குடு, போதும்."

நைனா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "கதவ வோணா ஒசரமா பண்ணித் தரேன் சார். கொயந்தைய குட்டையா பண்ண எனுக்குத் தெரியாது."

"மரத்துக்கு எங்கய்யா போறது? சொன்னதச் செய். இல்லன்னா நாளைலருந்து நீயும் வர வேணாம்."

அம்மா பயந்துவிட்டாள். நைனாவின் வேலையும் போய், என் வேஷமும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் கஞ்சிதான் ஊற்றினாள், ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். பகலெல்லாம் விளக்குச் சூட்டில், லட்டுக்கு முன்னால், காதை அடைக்கும் பசியோடு உட்கார்ந்திருப்பேன். மண்ணெண்ணெய் வாசனைக்கே நாக்கில் எச்சில் ஊறும். இன்றைக்கும் ஊறுகிறது என்றால் சிரிக்காதீர்கள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நைனா என்னை நொச்சிக்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையோரம் ஒரு அம்மாள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். இலை நிறைய வாங்கி என் மடியில் வைத்து, "துன்னு" என்றார்.

"வேலை பூட்டா இன்னா பண்ணுவ நைனா?"

"பூட்டா பூட்டும். கை கீது, உளி கீது. நீ துன்னு."

அப்படியொரு மீனை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. தின்றுகொண்டிருக்கும்போதே எனக்குள் என்னவோ முடிவாகிவிட்டது.

மறுநாள் சிம்மாசனக் காட்சி. டைரக்டர் ஒரு யுக்தி கண்டுபிடித்திருந்தார். எனக்குப் பெரிய வேட்டியாகக் கட்டிவிட்டு, உள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டே நடக்கச் சொன்னார். ஒத்திகையில் அப்படியே வாத்து மாதிரி நடந்தேன். மேலே மாமனாக நடித்தவர் மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே தடவைதான் எடுப்போம், பிலிம் இல்லை என்று எல்லோருக்கும் எச்சரிக்கை. கேமரா ஓடத் தொடங்கியது. மடக்கின காலோடு நடந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, தாங்கள் அமர்ந்திருப்பது என் தந்தையின் ஆசனம். எழுந்திருங்கள்."

அந்தக் கடைசி வார்த்தையோடு காலை நிமிர்த்தினேன். கஞ்சி குடித்த கால், களி தின்ற கால், நெத்திலி தின்ற கால், எல்லாமாக நிமிர்ந்தது. கண்ணெதிரே பிள்ளை விறுவிறுவென்று உயர்ந்ததைப் பார்த்து மாமன் வேஷக்காரர் மிரண்டு, வசனத்தை மறந்து, நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் டைரக்டருக்குக் 'கட்' சொல்லத் தோன்றியது.

கால் மரத்துப்போய்விட்டது என்று சொல்லிவைத்தேன். பொய். வேண்டுமென்றேதான் செய்தேன். நாளைக்கு அந்தக் காட்சி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மானேஜர் அன்றைக்கே நைனாவை நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த காட்சிகளை என்னை உட்கார வைத்தே எடுத்து முடித்தார்கள். படம் மயிலாப்பூர்க் கொட்டகைக்கு வந்ததும் குடும்பத்தோடு தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தோம். இளவரசன் நிமிர்ந்ததும், மாமன் எழுந்ததும், கொட்டகையே கைதட்டியது. "அப்டி கேளு நைனா," என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். எங்கள் பக்கத்தில் பையன்களையும் நைனா என்பார்கள்; திரையில் இருந்த என்னைச் சொல்கிறார் என்று தெரியாமல் என் நைனா திரும்பிப் பார்த்தார். சத்தியம் வளர்வதைக் காட்டத்தான் அப்படி எடுத்தேன் என்று டைரக்டர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாராம். சொல்லிக்கொள்ளட்டும், நல்ல கற்பனைதான்.

அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. குழந்தைக்கு நெட்டை, கதாநாயகிக்குக் குட்டை. நைனாவுக்குத் தியாகராய நகரில் புதிது புதிதாக எழும்பிய பங்களாக்களில் வேலை கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, என்னை விடச் சின்னப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ படித்தேன். "ராஜா வராருடோய்" என்று கேலி செய்தார்கள். ராஜபாஷையில் பதில் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டார்கள். வளர்ந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். வாத்தியாரின் குட்டெல்லாம் அங்கேதான் பலித்தது, என் குரலுக்கு மறுபேச்சு பேசிய அதிகாரி கிடையாது.

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். படம் பார்த்த மயிலாப்பூர்க் கொட்டகை கல்யாண மண்டபமாகி, பிறகு துணிக்கடையாகிவிட்டது. கம்பெனி நொடித்ததும் படத்தின் பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துப் பிலிமில் வெள்ளி இருக்கும். வாங்கியவர்கள் வெள்ளியைக் கழுவி எடுத்துக்கொண்டு, மிச்சச் சுருளை வளையல் செய்கிறவர்களுக்கு விற்பார்கள். ஒரு பிரதிகூட எங்கும் இல்லை. என் இளவரசன் யாரோ ஒரு பெண்ணின் கையில் சிவப்பு வளையலாகக் கொஞ்ச காலம் இருந்திருப்பான். சும்மா இருந்திருக்க மாட்டான், சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்திருப்பான்.