மணலூராரின் தோடி

ஏசுவடியான் அண்ணாச்சியைத் தெரியாத கண்டக்டர் முத்தையாபுரம் பஸ்ஸில் கிடையாது. சாத்தான்குளத்துக்காரர். புதுத் துறைமுகம் திறந்த புதிது அது. அங்கே டாலி கிளார்க். கப்பலில் ஏறும் உப்பு மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். கண்டக்டர்தான் தட்டி எழுப்பி இறக்கிவிடவேண்டும். மனைவி கிருபை இறந்தபிறகு வீட்டில் அவரும், பழைய சாமானாக வாங்கிய ஒரு கிராமபோனும், ஒரே ஒரு இசைத்தட்டும்தான். வித்வான் மணலூரார் பாடிய தோடி.

நான் செந்தூர்பாண்டி, கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டுகிறவன். ஞாயிறு சாயங்காலம் சிவனாண்டியின் பாத்திரக்கடை மாடியில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். ஒரே ராகத்தில் இரண்டு வித்வான்களின் தட்டை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, யார் பெரியவர் என்று அடித்துக்கொள்வோம். வீட்டில் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள், அது வேறு கதை.

அண்ணாச்சி மட்டும் தன் தட்டைக் கொண்டுவரமாட்டார். பஸ் நெரிசலில் உடைந்துபோகும் என்று பயம். ஆனால் யார் தட்டைப் போட்டாலும் கடைசியில், "நல்லாத்தான் பாடுதாரு. ஆனா ஓடுதாரு. எங்க மணலூராரு ஓடமாட்டாரு" என்பார். வருஷக்கணக்கில் இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வித்வான்களில் விளத்தூரார் என்றால் சிவனாண்டிக்கு உயிர். ஒருநாள் அவர் கொதித்துவிட்டார்.

"சும்மா பீத்தாதிய அண்ணாச்சி! வார ஞாயித்துக்கெழம தட்டக் கொண்டாங்க. எங்க ஆளு தோத்தா நான் இனிமே இங்கன வாயத் தெறக்கமாட்டேன். ஒங்க ஆளு தோத்தா நீங்க தெறக்கப்பிடாது."

அடுத்த ஞாயிறு தட்டை இரண்டு வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு பஸ்ஸில் அவர் தூங்கவில்லை.

சிவனாண்டி புதிதாக வாங்கியிருந்த கரண்ட் பிளேயரில் முதலில் விளத்தூரார் பாடினார். அப்புறம் மணலூரார். குரல் கிளம்பியதுமே அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. மெல்லிசான, கீச்சென்ற குரல். தோடியைப் போட்டு விரட்டு விரட்டென்று விரட்டியது. சிவனாண்டி தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இவரா ஓடமாட்டாரு? கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறவரு மாதிரில்லா பாடுதாரு!"

"இது அவரு கொரலே இல்ல," என்றார் அண்ணாச்சி. "மிசின்ல கோளாறு."

அப்படியானால் விளத்தூரார் மட்டும் எப்படிச் சரியாகப் பாடினாராம்? எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அவர் தட்டைத் திரும்ப வேட்டியில் சுற்றுவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர்கூடவே பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். "இப்பக் கேளு!"

அடேயப்பா! அதே தட்டுதான். கனத்த குரல். ஒவ்வொரு சுரத்திலும் உட்கார்ந்து, இளைப்பாறி, எழுந்து போயிற்று. என் உடம்பே தளர்ந்து கொடுத்தது. பாதிப் பாட்டில்தான் எனக்கு விஷயம் புரிந்தது, ஏன் புரிந்தது என்று இருந்தது.

"அண்ணாச்சி, உள்ள சாவி முறுக்குற சுருள் வில்லு தளந்துபோச்சி. தட்டு மெதுவாச் சுத்துது, அதான் கொரலும் எறங்கிக் கேக்கு. பிளேயர்ல கேட்டதுதான் நெசமான மணலூராரு." பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். "வில்ல மாத்திட்டாச் சரியாயிரும்."

அவர் பெட்டிமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"வேணாம்லே. கிருபை போனதுலருந்து ராத்திரி வீட்டுல இவரு பாடினாத்தான் எனக்குக் கண்ணு மூடும். அவசரமில்லாத மனுசன் ஒருத்தராவது இருக்காரேன்னு ஒரு தெம்பு." பாட்டு முடிந்து முள் உரசிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "பாண்டி, அப்ப இத்தன வருசமா இந்த வீட்டுல பாடினது யாருலே?"

திருப்புளியைப் பைக்குள் போட்டேன்.

"இன்னொருக்க வைங்க அண்ணாச்சி," என்றேன்.