அப்பாவுக்காக நான் வைத்த கைநாட்டு

அந்த விளம்பரம் எனக்குக் கருவாட்டோடு வந்தது. பன்வில கடையில் அம்மா வாங்கி வந்த கருவாட்டைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான வசதியற்ற பிள்ளைகளுக்குக் கண்டியிலுள்ள ஒரு நிதியம் மாதாமாதம் புலமைப்பரிசில் தரும் என்று போட்டிருந்தது. முடிவுத் திகதி இருந்த மூலை மட்டும் ஈரத்தில் ஊறிக் கிழிந்து போயிருந்தது. என் ராசி அப்படி.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. போவதற்குத்தான் வழியில்லை. மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். இந்தப் பணம் வராவிட்டால் நானும் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கூடை மாட்ட வேண்டியதுதான். நாறிய தாளைக் காயவைத்து, விலாசத்தைப் பார்த்து, படிவம் கேட்டு எழுதிப் போட்டேன். படிவம் வந்தபோது, அதைத் தபாலில் சேர்க்க நான்கே நாட்கள் இருந்தன.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் வந்து நின்றேன். தந்தை உயிரோடிருந்தால் அவரே கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

அப்பா கடதாசியில் விரல் வைக்கமாட்டார். நான் பிறப்பதற்கு முன்பு, தோட்டத்துத் தமிழருக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லாத காலத்தில், பெரியப்பா ஏதோ ஒரு கடதாசியில் ரேகை வைத்தாராம். இங்கேயே இருப்பதற்கான கடதாசி என்று சொல்லித்தான் வாங்கினார்களாம். அது இந்தியாவுக்குப் போகச் சம்மதம் என்று பிறகுதான் தெரிந்தது. பெரியப்பா குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். ரேகை வாங்கிய அன்று அப்பா காய்ச்சலில் படுத்திருந்ததால் தப்பினார். சட்டம் மாறி எங்கள் எல்லோருக்கும் பிரஜாவுரிமை வந்த பிறகும் அந்தப் பயம் அவரை விடவில்லை. நாங்கள் இருந்த லயத்து வரிசையில் மற்ற வீடுகளில் புருஷன்மார் போய் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்து வாங்குவார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் சம்பளத்துக்கும் அம்மாதான் ரேகை வைத்தார்.

"ஒரே ஒரு ரேகைப்பா" என்று கெஞ்சினேன்.

"வேற என்னா வேணாலும் கேளு புள்ள. கடதாசியில மட்டும் என் வெரல கேக்காத."

மூன்று நாட்கள் கேட்டேன், அழுதேன், சோற்றைத் தள்ளிவைத்தேன். மனிதர் மசியவில்லை. நான்காம் நாள் இருவரும் வேலைக்குப் போனதும், என் இடது பெருவிரலில் போல்பொயின்ற் பேனையால் கிறுக்கி மை ஏற்றி, அப்பாவின் பெயருக்கு நேரே அழுத்தினேன். தூக்கிப் பார்த்தால் குழந்தை விரல் மாதிரி இருந்தது. அப்பாவின் விரல் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. அழிக்கவும் முடியாது, வேறு படிவமும் இல்லை. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று ஓடிப்போய்த் தபாலில் போட்டேன். நகக்கண்ணில் நின்ற நீலம் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஒரு வாரம் அந்த விரலை மடக்கிக்கொண்டே திரிந்தேன்.

நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தந்தையும் வந்து, கைநாட்டு தன்னுடையதுதான் என்று உறுதிப்படுத்த வேண்டுமாம். கள்ளக் கைநாட்டு வைத்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உங்களப் பாக்கணுமாம்பா, அவ்வளவுதான்" என்றேன்.

அப்பா திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கண்டியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது போகம்பறைச் சிறைச்சாலையின் மதில் தெரிந்தது. "எம்மாம் பெரிய மதிலு, பாத்தியா?" என்று அப்பா வேடிக்கை காட்டினார். நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

மாடியறையில் ஒரு யாழ்ப்பாணத்து அதிகாரி இருந்தார். என் பெறுபேறுகளைப் புரட்டினார், தலையாட்டினார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார்.

"ஐயா, இது உங்கட கைநாட்டோ?"

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சின்ன நீல அடையாளத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, மடியில் மடக்கி வைத்திருந்த என் கையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஆமாங்க. நான் வச்சதுதாங்க."

"சரியான சின்னனாக் கிடக்கே?"

"அப்ப கவ்வாத்துக் கத்தி பட்டு வெரல்ல துணி சுத்தியிருந்தேங்க. நுனி மட்டுந்தான் பதிஞ்சிச்சு."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மைப்பெட்டியை அப்பாவின் பக்கம் தள்ளினார்.

"அப்ப எனக்கு முன்னால இன்னொருக்கா வையுங்கோ."

அப்பா அந்த மையையே பார்த்தார். இந்தக் கணத்தில் எழுந்து நடந்தாலும் நடந்துவிடுவார் என்று பயந்தேன். அவர் விரலை மையில் தோய்த்துப் படிவத்தில் வைத்து, தேவைக்கு அதிகமாகவே அழுத்தினார். என் ரேகைக்குப் பக்கத்தில் அகலமாக, வெடிப்பு வெடிப்பாக அது பதிந்தது.

"சரி, போயிட்டு வாங்கோ. முடிவு கடிதத்தில வரும்" என்றார் அதிகாரி.

பஸ்ஸில் அப்பா துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போனதும் தோலை உரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்து, அம்மாவின் சேலைகளை வெளியே எடுத்துவைத்தார். தன் இரண்டு சாரத்தையும் கம்பளியையும் உள்ளே அடுக்கினார்.

"எங்க போறீங்க? கிறுக்கு புடிச்சிருச்சா?" என்றார் அம்மா.

"கப்பலுக்குக் கூப்புட்டா தயாரா இருக்கணுமில்ல. இந்தத் தடவ வெரல் வச்சது நான் ஒருத்தன்தான். ஒங்க ரெண்டு பேரையும் விட்டுருவாங்க."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அது அந்தக் கடதாசி இல்லப்பா. சத்தியமா இது என் படிப்புக் கடதாசிப்பா."

என் தலையைத் தடவினார். கோபமே இல்லை.

"பெரியப்பாகிட்டயும் அப்புடித்தான் வேற என்னமோ சொன்னாங்க, புள்ள."

மூன்று வாரம் கழித்து, புலமைப்பரிசில் கிடைத்துவிட்டதென்ற கடிதத்தோடு தபால்காரர் லயத்துக்கு ஏறி வந்தார். அவரைத் தூரத்தில் கண்டதுமே அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டு நின்றார்.