நிற்காத முள்

அந்தமானில் ஒரு டைவிங் மையத்தில் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியிலேயே நேர்காணல் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். எனக்குப் பயிற்சி கொடுத்தவரை அவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள்; அவர் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தத் தொழிலில் சான்றிதழைவிட அந்த வார்த்தைக்குத்தான் மதிப்பு. சுற்றுலா வந்தவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டிய ஆளை, காகிதத்தை மட்டும் பார்த்து யாரும் நம்புவதில்லை. அது சரியான வழக்கம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் அண்ணா என்றே கூப்பிட்டோம். பீளமேட்டைத் தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து டைவிங் பள்ளி நடத்தினார். குடும்பத் தொழில் பம்புசெட் உதிரிபாகம். கல்யாணமான புதிதில் அந்தமான் போனவர், கடலுக்குள் ஒருமுறை இறங்கிவிட்டு, அந்தப் பித்திலேயே பயிற்றுநர் படிப்புவரை முடித்து வந்திருந்தார். பாடமெல்லாம் குளத்தில். கடைசித் தேர்வுக்கு மட்டும் மாணவர்களை வேனில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவ்மாஸ்டர் வேலைக்கான பயிற்சியில் அங்கே சேர்ந்தேன். கட்டணத்துக்குப் பதிலாகக் கருவி அறையை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

வேலையை விட்டதைச் சொன்னபோது அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. போத்தனூர் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக் கூலி. "எங்களையெல்லாம் தோட்டத்துக் கெணத்துல காலு நனைக்கவே உட மாட்டாங்க. நீ கடல்ல எறங்கறேன்னா எறங்கு சாமி," என்றார். அம்மா மட்டும், தண்ணீருக்குள் போட்டுக்கொள்ளும் உடை உடம்பை ஒட்டியா இருக்கும் என்று கேட்டாள்.

கருவிகளை எனக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். மூச்சுக் கொடுப்பவை, மிதக்க வைப்பவை, தகவல் சொல்பவை. பின்னிரண்டில் பழுது வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று பாடமே இருக்கிறது. முதல் வகைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தைப் பதற்றத்தில் இருக்கும் ஒருவர் நினைவு வைத்திருப்பார் என்று நான் நம்பியதில்லை. அதனால் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர்களை, குளத்துக்குப் போகுமுன் ஒவ்வொன்றாக நானே பார்த்து அனுப்பினேன்.

என்னோடு பயிற்சியில் இருந்த இன்னொருவன் அண்ணாவின் சொந்தக்காரப் பையன். தண்ணீருக்குள் அவனுக்கிருந்த நிதானம் எனக்கு வராது. கருவிதான் அவனுக்கு ஆகாது.

"அக்கா, இந்த ரெண்டுல எதுக்கா ஃபர்ஸ்ட் ஸ்டேஜு?"

"வாயில வெக்கறது செகண்ட். சந்தேகமா இருந்தா ரெண்டையும் கடிச்சுப் பாரு. பல்லு போச்சுன்னா அது ஃபர்ஸ்ட்."

"ஏனுங்க்கா, காலங்காத்தால வாத்தியார் வேலையா?"

வாத்தியார் வேலைதான். மாணவர்களுக்குக் கருவியை விளக்கிச் சொல்வதும் எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி. நான் அவனிடம் ஒத்திகை பார்த்தேன். சிலிண்டருக்குள் காற்று இருநூறு பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. லாரி டயரில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல். அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. சிலிண்டரின் கழுத்தில் மாட்டும் முதல் நிலை, அதைப் பத்து பார் அளவுக்குக் குறைத்துக் குழாயில் விடுகிறது. வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் நிலை, அதையும் குறைத்து, நாம் இருக்கும் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக்கித் தருகிறது. மூச்சை இழுத்தால் உள்ளே ஒரு ரப்பர் தகடு குழிந்து, ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி, வால்வைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும்.

அந்த வால்வை, காற்று தள்ளும் திசையிலேயே திறக்கும்படி வைத்திருப்பார்கள். முதல் நிலை பழுதாகி அழுத்தம் கூடிப்போனால், காற்று அடைத்துக்கொள்ளாது. வால்வைத் தானே தள்ளித் திறந்துகொண்டு கொட்டும். "அதாவது, கெட்டுப்போனா காத்து நிக்காது. அதிகமாத்தான் வரும்," என்று முடித்தேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணா கைதட்டினார்.

"சூப்பர் அம்மணி. இதையே அடுத்த பேட்ச்சுக்கும் சொல்லிப்போடு."

முதல் நிலைக்குள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வட்டு இருக்கும். சீட் என்பார்கள். பிஸ்டனின் கூரான விளிம்பு அதன் மேல் வந்து உட்கார்ந்துதான் இருநூறு பாரை அடைத்து நிறுத்துகிறது. நாளாக ஆக அந்த விளிம்பு வட்டில் பள்ளம் போட்டுவிடும். அப்போது மாற்ற வேண்டும். எங்களிடம் இருந்த பழைய ரெகுலேட்டர் செட் ஒன்றில் அது தேய்ந்துபோயிருந்தது. செய்த கம்பெனியின் உதிரிபாகத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றேன்.

அண்ணாவுக்கு அது அவமானமாகவே பட்டது. "கோயமுத்தூர்ல இருந்துட்டு ஒரு பொத்தானுக்கு வெளிநாட்டுக்கு எழுதறதா கண்ணு? மச்சினன் லேத்துல குடுத்தா மத்தியானத்துக்குள்ள கடைஞ்சு தந்துருவாப்ல."

கடைந்து வந்தது. மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். விட்டம், கனம் எல்லாம் பழையதற்கு இம்மி பிசகாமல் இருந்தன. இந்த ஊர்க் கைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் கடைந்தது நைலான் ராடில். நைலான் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் உப்பும். முகப்பில், லென்ஸ் வைத்துப் பார்த்தால், கட்டிங் டூல் போன வட்ட வட்டமான கோடுகள் தெரிந்தன. பம்புக்கு அது போதும்.

மாட்டி, சிலிண்டரைத் திறந்து, முதல் நிலையிலிருந்து குழாய்க்கு வரும் நடு அழுத்தத்தைக் காட்டும் அளவுமானியைப் பொருத்தினேன். முள் பத்தில் வந்து நின்றால் சீட் நன்றாக இருக்கிறது. இந்த முள் பத்துக்கு வந்தது. அப்புறம், சீட் கசிந்ததால், மெதுவாக மேலே நகர்ந்தது. மூச்சு இழுத்துவிட்டுப் பார்த்தால் இறங்கிவந்து மறுபடி ஏறியது.

"அண்ணா, அந்தப் பழைய செட்டு ஏறுதுங்ண்ணா."

"எவ்வளவு ஏறுது?"

"நிக்கவே மாட்டேங்குதுங். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா பன்னண்டத் தாண்டிருச்சு."

"அப்ப நீ டீ குடிக்காத அம்மணி," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்த செட்டில் சிவப்பு டேப்பைச் சுற்றி உயரமான ஆணியில் மாட்டினேன். வார இறுதி வகுப்பில் அதே செட்டை ஒரு மாணவரின் முதுகில் பார்த்தேன். டேப்பின் பசை மட்டும் குழாயில் ஒட்டியிருந்தது. நான் குளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள் அவர் வாயிலிருந்து காற்று பீறிட ஆரம்பித்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்தான். எழுந்து நின்று, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு இருமினார். குழாய் தண்ணீரில் நுரைத்துக்கொண்டு துள்ளியது. நான் போய் சிலிண்டரை மூடினேன்.

அண்ணா கொஞ்சமும் பதறவில்லை. மற்ற மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்துச் சொன்னார்: "பாத்துக்கோங்க, இதாங்க டிசைன். கெட்டுப்போனாலும் காத்து நிக்கல, அதிகமாத்தான் வந்துச்சு. நம்ம அம்மணி அன்னிக்கே சொன்னாங்கல்லங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருமியவர்கூடச் சிரித்தார். ஒருவர், மறுபடியும் திறந்து காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டார். அண்ணா சொன்னது பாதி உண்மைதான். மறுபாதியை நான் அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், அரைக்கால் சட்டையும் ஈரத் துண்டுமாகப் பத்துப் பேருக்கு நடுவில் நின்று, பயிற்றுநரை மறுத்துப் பேசிப் பார்க்கலாம். வகுப்பு முடிந்ததும் அறையில் தனியாகச் சொன்னேன். ஆழத்தில் அப்படிக் கொட்டினால் சிலிண்டர் ஓரிரு நிமிடத்தில் காலி. அங்கே எழுந்து நிற்க முடியாது. பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழியும்.

"அதுக்குத்தானுங்க பக்கத்துல இன்னொரு ஆளு இருக்கறோம்," என்றார். எனக்கு ங்க போட்டுப் பேசினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கடல் தேர்வுக்கு வேன் கிளம்ப வேண்டிய காலை, சாமான்களை எடுத்துவைக்கும்போது அந்த செட்டை மேஜைமேல் வைத்து முழுதாகப் பிரித்தேன். ஸ்ப்ரிங், பிஸ்டன், ஓ-ரிங்குகள், அந்த நைலான் வட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். பையன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, வேன் நிக்குதுக்கா," என்றான். பிறகு தட்டைப் பார்த்துவிட்டுப் போய் அண்ணாவைக் கூட்டிவந்தான்.

"என்ன கண்ணு, இந்நேரத்துல பிரிச்சுப் போட்டுருக்கற?"

"இது கடலுக்கு வேண்டாங்ண்ணா."

"செரி, மாட்டிப்போட்டு வா. நானே போட்டுக்கறேன் அத."

"நீங்க போட்டாலும் வேண்டாங்ண்ணா. மாட்ட மாட்டேனுங்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. வேனில் இருந்தவர்களிடம், ஒரு செட் குறைகிறது, இரண்டு பேர் மாற்றி மாற்றி இறங்கலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். பையன் சாமான் ஏற்றினான். அண்ணா என்னை வரச்சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முன்சீட்டில் என் இடத்தில் தண்ணீர்க் கேன் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் அந்தமானிலிருந்து அழைப்பு வந்தது. நான் குழாய்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். அண்ணா திரையைப் பார்த்துவிட்டு, "உன்ற ஆளுகதான்," என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, அங்கேயே நின்று பேசினார்.

"பொண்ணு தங்கமுங்க. கருவி வேலைல நம்மளையே தூக்கிச் சாப்புட்டுருமுங்க... ஆமாங்க... தண்ணிக்குள்ளயும் நல்லா பண்ணுமுங்க. என்னன்னா, கொஞ்சம் பயந்த சுபாவமுங்க. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நின்னுபோயிரும்... இல்லீங்க, உங்களுக்கு ஆளு அவசரமுன்னா நம்ம பையன் ஒருத்தன் இருக்கறானுங்க. அவன வேணா அனுப்பட்டுங்களா?"

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"நல்லாத்தான் சொல்லிருக்கேன் கண்ணு. அவ்வளவு தொலைவு உனக்கு எதுக்கு? இங்கயே இந்த ரூமப் பாத்துக்க. மாசாமாசம் சம்பளமாவே போட்டுத் தாரேன்."

கையில் இருந்த குழாயை அலசி முடித்து, உதறி, மாட்டினேன். மற்றவற்றையும் மாட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டு வாரேங்ண்ணா என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன். போகிறேன் என்று சொல்ல இந்த ஊரில் எங்களுக்குப் பழக்கமில்லை.

அந்த வேலைக்குப் பையன் போனான். போய்ச் சேர்ந்ததும் கடலின் படம் ஒன்று அனுப்பியிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்வது வழக்கம். எனக்கு இருக்கிறது. டேப்பைக் கழற்றியது யார் என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது பம்பு கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் வேறு டைவிங் மையங்களுக்கு எழுதிப் பார்ப்பேன். எல்லோரும் முதலில் கேட்பது, யாரிடம் பயின்றீர்கள் என்பதுதான். சொன்னதும், அவரை விசாரித்துவிட்டு அழைப்பதாகச் சொல்வார்கள். போன முறை, சென்னைக்காரப் பெண்மணி ஒருவர் மட்டும் திரும்ப அழைத்தார். எங்களுக்குப் பயப்படாத ஆள்தான் வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்காதீர்கள் என்றார். அண்ணா என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"தப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லலம்மா. உங்க மேல அவருக்கு ரொம்ப அக்கறை. ரொம்ப மரியாதையாப் பேசினாரு."

"ஆமாங்க," என்றேன். "அப்படித்தான் பேசுவாருங்க."