திரையை மூடியவருக்கு

சுவிஸில், இன்டர்லாக்கனில் நான் அறை துப்புரவாக்கும் ஹோட்டலில் ஓர் இளவரசி வந்து தங்கினார். எந்த நாடு என்று சொல்லமாட்டேன். கணவரைப் பிரிந்த செய்தி வெளியான நாளிலிருந்து பத்திரிகைக்காரர்கள் அவரை விடாமல் துரத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே கார் நிறுத்துமிடத்தில் பெரிய கேமராக்களோடு ஆட்கள் நிற்பதை முதலில் கண்டது நான்தான். யாரும் கேட்காமலே சன்னல் திரையை இழுத்து மூடியதும் நான்தான். தினமும் மூடினேன்.

அவர் புறப்பட்ட நாளில் எனக்கு விடுமுறை. என்னோடு வேலை செய்பவள், எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் குடியிருப்பவள், அன்று அந்த அறைக்குப் போனாள். இளவரசி தன் கையால் எழுதிய கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கடிதத்தில் பெயர் இல்லை. ‘திரையை மூடியவருக்கு’ என்று தொடங்கி, பல மாதங்களுக்குப் பிறகு யாரும் பார்க்காமல் அழ முடிந்தது என்று எழுதியிருந்தார்.

“உங்களுக்கும் சேத்துத்தான் அக்கா” என்றாள் அவள்.

சேர்த்தாமே! எனக்கு வயிறு எரிந்தது. எழுத்து வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து அன்றைய கறியைக் கருக விட்டேன்.

அவள் அதோடு நிற்கவில்லை. தன் மகள் பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டில் கடிதத்துக்குச் சட்டம் போட்டு, மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வந்தவர்கள் சந்தனம் பூசிக்கொண்டு, அதைப் பிடித்தபடி நின்ற அவளோடு படம் எடுத்தார்கள். எல்லாம் பேஸ்புக்கில் ஏறியது. நான் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கிழமை ஒரு பத்திரிகைக்காரன் எங்கள் கட்டட வாசலுக்கு வந்துவிட்டான். இளவரசி என்ன சொன்னார், அழுதாரா என்று அவளைக் குடைந்தான். மகளின் பின்னால் பஸ் தரிப்புவரை போனான். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டது.

அவள் கடிதத்தோடு என்னிடம் ஓடி வந்தாள்.

“அக்கா, திரையை மூடினது நீங்கள்தானே. நீங்களே வாங்கினதெண்டு அவனிட்டச் சொல்லுங்கோ. கடிதத்தையும் வைச்சிருங்கோ. எனக்கு என்ர பிள்ளை போதும்.”

இரங்கியிருக்க வேண்டும். எனக்கோ உள்ளே குளிர்ந்தது. “ஓம், நான் கதைக்கிறன்” என்றேன். அவளை இருக்கச் சொல்லிவிட்டு நீலச் சேலை உடுத்தி, பொட்டு வைத்து, கடிதத்தோடு கீழே இறங்கினேன்.

கடிதம் எனக்குத்தான் எழுதப்பட்டது, மேல்மாடிப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது, அவளைத் தேடி வரவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவனிடம் சொன்னேன். சட்டத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். இளவரசி என்ன பேசினார் என்று கேட்டான். அந்தப் பெண்மணி என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை, அதையும் சொன்னேன். மரியாதைக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான். பிறகு வரவேயில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. தன் குடும்பத்தை நான் காப்பாற்றியதாக அவள் கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கடிதம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

ஒரு மாதம் அந்தப் பத்திரிகையை வாங்கிப் புரட்டினேன். என் படத்தை அவர்கள் போடவேயில்லை.