பிரிண்டருக்குப் பம்பிடம் என்ன பேச்சு?

இணையக் காவல் பிரிவில் இன்றைக்குப் பியூனிலிருந்து இயக்குநர் வரைக்கும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழக்கிவிட்டவள் அவளுடைய நாத்தனார். அண்ணியை அந்த வேலைக்கு இழுத்து வந்தவளும் அவள்தான். வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தவளும் அவள்தான்.

அரசாங்கக் கம்ப்யூட்டர்களைக் காக்க ஆள் கிடைக்காமல் திண்டாடிய நேரம் அது. பயிற்சி கொடுத்த பிள்ளைகளை எல்லாம் தனியார் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. கடைசியில், வேலையை விட்டு வீட்டோடு இருப்பவர்களும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். அண்ணி, குழந்தை பிறக்கும்வரை ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள்.

"வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது அண்ணி. இப்ப விட்டா அவ்வளவுதான்," என்று பிடுங்கி எடுத்தாள், ஏற்கெனவே அங்கே வேலையிலிருந்த நாத்தனார்.

அண்ணி விழுந்து விழுந்து படித்தாள். எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். மிச்சம் செய்முறைத் தேர்வு. குடிநீர் வாரியக் கம்ப்யூட்டர்களைப் போலவே ஒரு நகல் அமைப்பு. அதைத் தேர்வுக்கு வந்தவர்கள் காக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரிவின் ஆட்கள் தாக்குவார்கள். மாலைக்குள் குடிநீர் பம்பை இயக்கும் கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டால் காத்தவர்கள் காலி. தாக்கும் அணிக்குத் தலைமை யாரென்று பார்த்தால், நாத்தனார்!

"மேடம், அவ என் நாத்தனார்," என்று அண்ணி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நிஜத் திருடன் சொந்தக்காரனா இருந்தா விட்டுடுவீங்களா? போய் உட்காருங்க," என்றார் தேர்வு அதிகாரி.

ஆரம்பித்ததுதான் தாமதம், வாரியத்தின் வெப்சைட் தள்ளாடியது. திரையெல்லாம் சிவப்பு. கூட இருந்த நான்கு பேரும் அதன்மேல் பாய்ந்தார்கள். அண்ணியும் அவர்களோடு ஓட எழுந்தாள். எழுந்தவள், சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் சோபா மூலை வேண்டுமென்றால் நாத்தனார் கேட்க மாட்டாள். "பால் பொங்குது!" என்று ஒரு கத்தல். எல்லாரும் சமையலறைக்கு ஓடித் திரும்பினால் மகாராணி அங்கே கால் நீட்டிப் படுத்திருப்பாள்.

"இது பால் பொங்குற கூச்சல்," என்றாள் அண்ணி.

"என்னக்கா உளறுறீங்க? இங்க சைட்டே படுக்கப்போகுது!" என்றான் அந்த நால்வரில் ஒருவன்.

"நீங்க அதைப் பாருங்க. நான் சோபாவைப் பார்க்கறேன்."

எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது என்று ஒவ்வொன்றாக நோட்டம் விட்டாள். எல்லாம் ஒழுங்கு. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாம் மாடி பிரிண்டர், பம்பை இயக்கும் கம்ப்யூட்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

"பிரிண்டருக்குப் பம்புகிட்ட என்னடி பேச்சு?" என்று கண்ணாடிச் சுவரைப் பார்த்துச் சொல்லியே விட்டாள். கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டையே மாற்றாத பிரிண்டர். அதன் வழியாக நாத்தனார் பாதி உள்ளே வந்தாயிற்று. அண்ணி அந்த இணைப்பைத் துண்டித்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் திரையையே முறைத்தாள். மாலைவரை முட்டிப் பார்த்தும் வேறு வழி கிடைக்கவில்லை. நேரம் முடிந்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள் பாருங்கள்!

"தோத்தது நீங்க. எதுக்குக் குதிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"எங்க அண்ணி, மேடம்! எங்க அண்ணி!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வேலை உத்தரவு வந்த அன்று அண்ணி சோபா மூலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். பின்பக்கப் பால்கனியில் ஈரத்துணி உதறிக்கொண்டிருந்த நாத்தனார், சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணி, பால் பொங்குது!"

"இனிமே அதெல்லாம் எங்கிட்ட நடக்காதுடி!"

அண்ணி கால்மேல் கால் போட்டாள். பம்பைக் காப்பாற்றியவள், கருகல் வாசனை மூக்கில் ஏறும்வரை அசையவில்லை. ஒரு பாத்திரம் பாலையும் கோட்டை விட்டாள்.

"பொய்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பார்க்கணும்," என்று கரிப்பிடித்த பாத்திரத்தை அவள் கையில் கொடுத்தாள் நாத்தனார். "நாளைக்கு வேலையில சேர்றீங்க அண்ணி."