விஷமில்லா மக்காச்சோளம்

உலகத்தைக் காப்பாற்றுவதற்காக அண்ணன் எங்கள் நிலத்தைச் சோலார் கம்பெனிக்கு விற்கப் பார்த்தான். அதே உலகத்தைக் காப்பாற்றுவதற்காக நான் அந்த நிலத்தில் ரசாயனம் இல்லாமல் விவசாயம் செய்யக் கிளம்பினேன். இரண்டு பேருக்கும் நோக்கம் சுத்தம். நடுவில் மாட்டிக்கொண்டது குருவிகுளம் போகிற வழியில் அப்பா விட்டுப்போன கரிசல் துண்டு. கிணறு கிடையாது, மழைதான் கதி. பட்டாவில் இரண்டு பேர் பெயரும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் அவனால் விற்க முடியாது.

"ஏட்டி, சண்டை வேண்டாம். இந்த மழைக்கு ஒன் இயற்கை முறையில ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டு. எடுத்துட்டன்னா நான் சோலார் பேச்சே எடுக்க மாட்டேன். எடுக்கலன்னா பேசாமக் கையெழுத்துப் போட்டுரணும்" என்றான் அண்ணன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு வெள்ளாமைக்கா பயப்படுவேன்? சரி என்றேன்.

விவசாயத்தை போனில்தான் படித்தேன். பச்சைத் துண்டு போட்ட ஒருவர் தினமும் வீடியோவில் வந்து, நாம் சாப்பிடுவதெல்லாம் விஷம் என்று சிரித்த முகத்தோடு சொல்வார். அவர் சொன்னபடி நாட்டு மாட்டுச் சாணி, கோமியம், வெல்லம், கடலை மாவு, ரசாயனம் படாத ஒரு கைப்பிடி மண் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டால் ஜீவாமிர்தம், அதுதான் பயிருக்கு உரம். சங்கரன்கோவிலில் நாட்டு மாடு என்றால் ரத வீதியில் படுத்துக்கொண்டு சினிமா போஸ்டர் தின்கிற மாடுதான். பக்கெட்டும் கையுமாக அதன் பின்னால் நடந்தேன். என்னிடம் படித்த ஒருவன் பைக்கை நிறுத்தி, "டீச்சர், எதையும் தொலச்சிட்டீங்களா? நானும் தேடுதேன்" என்றான். மாடு அந்த நேரம் பார்த்து எதுவும் தருவதாக இல்லை.

அடுத்து அந்தக் கைப்பிடி மண். மருந்து அடிக்காத வயலுக்கு இந்தத் தாலுகாவில் எங்கே போவது? (எங்கள் பக்கம் பூச்சிக்கு அடிக்கிற விஷத்துக்கு மருந்து என்றுதான் பெயர்.) யோசித்து யோசித்து, ஊரே நெற்றியில் பூசி நாக்கிலும் வைத்துக்கொள்கிற கோயில் புற்றுமண்ணை வாங்கி வந்து டிரம்மில் போட்டேன். என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிரசாதத்தக் கொண்டு சாணிக்குள்ள போட்டுட்டியே" என்றார். ரசாயனம் படாத மண் ஊருக்குள் வேறு இருந்தால் காட்டுங்கள் என்றேன். அவருக்கும் தெரியவில்லை. டிரம் ஊற ஊற, பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இனிமே எங்க தறிச் சத்தத்தப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசப்படாது டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ன விதைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் மக்காச்சோளம் போட்டார்கள், நானும் மக்காச்சோளம் போட்டேன். கடை விதை மருந்து தடவி ரோஸ் நிறத்தில் வந்தது. அதைப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் போட்டு, தண்ணீர் நிறம் மாறும்வரை கழுவினேன். அந்த அளவுக்குச் சுத்தம் பார்த்தேன்.

பயிர் முழங்கால் உயரம் வந்ததும் படைப்புழு வந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்கிற புழு. அக்கம்பக்கத்தார் மருந்து அடித்தார்கள். நான் வேப்பங்கொட்டைச் சாறு அடித்தேன். பிறகு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்துக் கரைத்து அடித்தேன். "காட்டுக்குள்ள குருமா வாசம் அடிக்கி. புழு வெளிய போகுமா, விருந்துக்கு வருமா?" என்றார் வீட்டுக்காரர். புழு விருந்துக்குத்தான் வந்தது. இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவின் நிலம் என் கண்ணெதிரே சோலார் தகடாக மாறிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் பாம்போ தேளோ வந்தால், வெள்ளித் தகட்டில் அதன் உருவத்தை வாங்கி அம்மன் கோயில் உண்டியலில் போடுவோம். வீட்டுக்காரர் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். அறிவியல் டீச்சர் இதற்கெல்லாம் வருவதா என்று வழி முழுக்க முணுமுணுத்தேன். கடையில் முதலில் வாயைத் திறந்தது நான்தான்.

"புழு இருக்கா?"

கடைக்காரர் தட்டைக் கிளறினார். "பாம்பு இருக்கு, தேள் இருக்கு, கை, கால், கண்ணு எல்லாம் இருக்கு. புழுவ இதுவரை யாரும் கேக்கலக்கா. பாம்புலயே சின்னதா ஒண்ணு தாரேன். அம்மனுக்குத் தெரியாதா?"

வாங்கினோம். உண்டியலில் போடும்போது, இது பாம்பு இல்லை, படைப்புழு என்று அம்மனிடம் விளக்கமாகவே சொன்னேன். பாடம் நடத்திப் பழகிய வாய்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கொட்டிய கொட்டில் குருத்துக்குள் தண்ணீர் நின்று, புழுக்கள் செத்து மிதந்தன. வீட்டுக்காரர் அம்மன் என்றார். நான் இஞ்சி பூண்டு என்றேன். பச்சைத் துண்டுக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஜீவாமிர்தம் என்றார்கள். மழைக்கு மட்டும் யாரும் நன்றி சொல்லவில்லை. பயிர் நிமிர்ந்துவிட்டது.

தை மாதம் அண்ணன் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கதிரை உரித்தான். மணி வரிசையாக, மஞ்சளாக இருந்தது. "சரிட்டி, நீ ஜெயிச்சிட்ட" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சோளத்தை வண்டியில் ஏற்றிச் சங்கரன்கோவில் கமிஷன் கடைக்குக் கொண்டு போனோம். அண்ணனும் வந்தான். பேத்திக்கு விஷமில்லாத தானியம் வேண்டுமென்று ஒரு துணிப்பையைக் கையில் வைத்திருந்தான். கடையில் மலைபோல ஒரு குவியல் கிடந்தது. ஊரெல்லாம் மருந்தடித்து விளைவித்த சோளம். ஆட்கள் என் மூட்டையைப் பிரித்து அதன்மேல் தட்டப் போனார்கள்.

"ஏய், நிறுத்துங்கப்பா!" என்று கத்தினேன். "இது இயற்கைச் சோளம். தனியாப் போடணும்."

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எல்லாம் கோழித் தீவனத்துக்குத்தான் டீச்சர் போகுது. கோழி கேக்கவா போகுது, இது எந்தக் காட்டுச் சோளம்னு?"

தட்டிவிட்டார்கள். கோயில் மண்ணும், கழுவிய விதையும், அரைத்த இஞ்சியும், வெள்ளிப் பாம்பும் குவியலோடு குவியலாகக் கலந்துபோயின. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. யார்மீதாவது ஆத்திரப்பட வேண்டும்போல இருந்தது. ஆனால் யாரும் தப்பு செய்யவில்லை.

அண்ணன் குவியலில் ஒரு கை அள்ளினான். வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத் துப்பினான். கல்லாய் இருந்தது.

"ஏட்டி, இதுல நாம திங்கிறதுக்கு என்ன இருக்கு?"

இத்தனை மாதமாக அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவரும் இல்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தேன். அவன் பையை மடித்து என் கையில் வைத்தான்.

"சொன்ன சொல்ல மாத்த மாட்டேன். நெலம் இருக்கட்டும். அடுத்த மழைக்கு இருங்கு சோளமோ, உளுந்தோ, நம்ம அடுப்புல வேகுறதப் போடு. மொதப் பைய எனக்கு நெப்பிக் குடு. மறுபடியும் கோழிக்குப் போட்டன்னா, நீயே வந்து கையெழுத்துப் போட்டுரணும்."

பை சமையலறை ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழேதான் கடையில் வாங்கிய முட்டைகளை வைத்திருக்கிறேன். காலையில் ஆம்லெட்டுக்கு ஒன்றை உடைக்கும்போதெல்லாம், என் சோளம் ஒருவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகு தலையைத் தூக்கினால், வெறும் பை.