பின்சீற்றில் உருப்போட்ட 'பிக் அப்'

ஓட்டோக்காரனோடு சனம் முகம் பார்த்துக் கதைக்காது. பிடரியைப் பார்த்துத்தான் கதைக்கும். ஓட்டோ ஓட்டும் சகோதரங்களே, உங்கள் பிடரிகளும் என்னவெல்லாம் கேட்டிருக்கும்!

ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை

அளவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு, கிழமையில் மூன்று நாள் தர்சினியை ஆங்கில வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போவேன். கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை லண்டன் போய்விட்டார். ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ணினால்தான் இவளுக்கு விசா. ஒருமுறை எடுத்துத் தவறியும் விட்டது.

ஒருநாள் பின்னுக்கு இருந்து 'பிக் அப், பிக் அப்' என்று உருப்போட்டாள். "அது என்ரை வேலையெல்லோ பிள்ளை, ஆளை ஏத்திறது" என்றேன்.

"அது மட்டுமில்லை மாமா. விழுந்ததைத் தூக்கினாலும் பிக் அப், போனை எடுத்தாலும் பிக் அப், தடிமன் தொத்தினாலும் பிக் அப், பாஷையைக் காதாலை கேட்டுப் பழகினாலும் பிக் அப். வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சம் போலை!"

மாமியும் ஏறினா

பிறகொருநாள் அவளுடைய மாமியும் ரவுணுக்கென்று கூட ஏறினா. அன்றைக்கும் அதே பாடம்தான். மருதனார்மடம் வரைக்கும் மாமி பொறுத்துப் பார்த்தா.

"போன மாசமும் இதைத்தானே பாடமாக்கினாய்? என்ரை பிள்ளை அங்கை தனியச் சமைச்சுத் திண்டு மெலிஞ்சு போனான், நீ இன்னும் உந்த ஒரு சொல்லோடை மாரடிக்கிறாய்!"

கேட்கக்கூடாத கேள்வி

இரண்டாந்தரம் சோதனை வந்தது. தர்சினி திருநீறு பூசிக்கொண்டு வந்து ஏறினாள். நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும் ஆளிடம் 'எங்கை' என்று கேட்கலாமோ? அதுவும் மாமி படலையடியில் நிற்க? சோதனையும் வகுப்பில்தான் என்று நினைத்து, வாய் திறவாமல் ஓட்டோவை அங்கேயே விட்டேன். அவளோ எனக்கு இடம் சொல்லிவிட்டதாக எண்ணி, கொப்பிக்குள் தலையைப் புதைத்துவிட்டாள். வகுப்பு வாசலில் நிமிர்ந்து பார்த்தவள் அழுதே விட்டாள். சோதனை ரவுணுக்கு மற்றப் பக்கம்! குறுக்கு ஒழுங்கையெல்லாம் புகுந்து ஓடி, கதவு பூட்டப் போகிற நேரம் இறக்கினேன்.

மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்தாள். "இண்டைக்கு எப்பிடி வந்தனீர் எண்டுதான் சோதிக்க இருந்தவை முதல் கேள்வி கேட்டவை. பாடமாக்கினது ஒண்டும் வாயிலை வரேல்லை மாமா. உங்களைத் திட்டித் திட்டி, அவை 'போதும், காணும்' எண்டு சொல்லுமட்டும் இங்கிலீசிலை கதைச்சன்!"

அவள் பாஸ் பண்ணி லண்டனும் போய்ச் சேர்ந்துவிட்டாள்; என்னை என்ன சொல்லித் திட்டினாள் என்பது மட்டும், ஆங்கிலம் தெரியாத புண்ணியத்தால், இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.